லண்டனிலிருந்து டார்வின் வரை

அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கிறேன். மொரட்டுவைக்குப் போய்ப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கல்முனையிலிருந்து அது ஓர் இரவு பஸ் பயணம். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வாப்பா யோசிக்கிறார். அந்த நாட்களில்தான் எங்கள் நூலகத்தில் எமி ஜோன்சனின் வரலாற்றைப் படித்தேன்.

லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வினுக்கும் இடையிலான நேர் வான்வழித் தூரம் ஏறத்தாழ 13,900 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானம் இடையில் இறங்காமல் பறந்தால் சுமார் 17 மணித்தியாலங்களில் போய்ச் சேரும். எமியின் காலத்தில் அப்படியொரு வசதி இருக்கவில்லை.

அவர் 1903 இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு மீன் வியாபாரியின் மகளாகப் பிறந்தார். ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றபின், லண்டனில் ஒரு சட்டத்தரணிகள் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக வேலை செய்துகொண்டே விமானம் ஓட்டப் பழகினார். ஓட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. கையெல்லாம் எண்ணெய்க் கறை படிய இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டவும் கற்றார். 1929 இல் விமானிக்குரிய உரிமத்தையும், விமானங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளருக்குரிய உரிமத்தையும் பெற்றார்.

பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கத் தந்தை பணம் கொடுத்து உதவினார். தந்தையின் மீன் வியாபாரக் குறியான ஜேசன் என்பதையே அந்த விமானத்துக்குப் பெயராக வைத்தார் மகள்.

1930 மே 5 ஆம் திகதி லண்டனின் குரொய்டனிலிருந்து தனியாகப் புறப்பட்டார். அதற்கு முன் அவர் தனியாகப் பறந்த மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து சொந்த ஊர் வரைதான். வியன்னா, பக்தாத், கராச்சி, கல்கத்தா என்று இறங்கி இறங்கிச் சென்றார். பாலைவனத்தில் மணற்புயல் அவரைத் தரையிறக்கியது. ரங்கூனுக்கு அருகே விளையாட்டு மைதானமொன்றில் இறங்கியபோது விமானம் சேதமடைந்தது. அங்கிருந்தோரின் உதவியுடன் அதைச் சீர்செய்து மீண்டும் பறந்தார். மே 24 இல் டார்வினை அடைந்தார்.

சுற்றுவழியில் அவர் கடந்தது சுமார் 17,700 கிலோமீற்றர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர். ஒரு ஜெட் விமானத்துக்கு அது ஒரு மணித்தியால வேலை. அதே பாதையில் முன்பு ஓர் ஆண் விமானி நிலைநாட்டிய பதினைந்தரை நாள் சாதனையை எமியால் முறியடிக்க முடியவில்லை. ஆனாலும் அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண் அவரே.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களை இடத்துக்கிடம் கொண்டுசேர்க்கும் பணியில் இருந்தபோது, 1941 ஜனவரி 5 ஆம் திகதி தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் விழுந்து உயிரிழந்தார். உடல் கிடைக்கவேயில்லை. அப்போது வயது 37.

இவ்வரலாற்றை ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது வாப்பாவுக்குச் சொன்னேன். முடிவைக் கேட்டு உம்மா கலங்கிப்போனார். வாப்பா நெடுநேரம் பேசவில்லை. எழுந்து போகும்போது மாத்திரம், மொரட்டுவைக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று விசாரித்தார்.