வெபர் பெருமகனும் காந்தப் பாய அலகும்

எம்மிற் பலர் இக்கல்லூரி வாங்குகளிலிருந்து பௌதிகம் கற்ற காலத்திலே காந்தப் பாயத்தை மக்ஸ்வெல் என்னும் அலகினாலேயே அளந்தோம். பொறியியல் பயிலச் சென்றோர் கோடு, கிலோகோடு, மெகாகோடு என்னும் அலகுகளையுங் கையாண்டனர். இன்றைய மாணவரோ வெபர் என்ற ஒன்றையே அறிவர். பழைய நூலொன்றிலுள்ள கணக்கைச் செய்யப் புகுவோர் ஒரு வெபர் 10,00,00,000 மக்ஸ்வெல்லுக்குச் சமம் என்பதை மனனஞ் செய்து அமைவர். அவ்வெண் எங்ஙனம் வந்தது, அப்பெயருக்குரியவர் யாவர் என்பவற்றையும் அறிதல் நன்றெனக் கருதி இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

வில்ஹெல்ம் எடுவார்ட் வெபர் 1804ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள், ஜேர்மனியிலுள்ள விற்றன்பேர்க் நகரிலே, இறையியற் பேராசிரியர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். ஹாலேப் பல்கலைக்கழகத்திற் கற்று, அங்கேயே கற்பிக்கவும் தொடங்கினார். உடலியலிற் புகழ்பெற்ற தமையனார் ஏர்ன்ஸ்டுடன் சேர்ந்து 1825இல் அலைகளைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1828இற் பேர்லினில் நிகழ்ந்த அறிஞர் மாநாட்டிலே கணித மேதை கவுஸ் இவரைக் கண்டார். தம்மினும் இருபத்தேழாண்டு இளையவரான இவரது திறமையை அவர் மறக்கவில்லை. 1831இற் கோற்றிங்கன் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் பதவி வெபரை வந்தடைந்தது.

அக்காலத்திற் காந்த வலிமையை ஓர் ஊசியோடு மற்றோர் ஊசியை ஒப்பிட்டே கூறினர். ஊசி மாறினால் அளவும் மாறும். நீளம், திணிவு, நேரம் என்னும் மூன்றைக்கொண்டே அதனை அளக்கலாமென 1832இற் கவுஸ் காட்டினார். வெபர் அவருக்குத் துணைநின்றதோடு, பின்னர் அம்முறையை மின்னியலுக்கும் விரித்தார். 1833இல் இருவரும் வானியல் நோக்ககத்துக்கும் பௌதிக ஆய்வுகூடத்துக்குமிடையே, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம், நகரத்துக் கூரைகளின் மேலாகக் கம்பி இழுத்து மின்தந்தியிற் செய்தி பரிமாறினர்.

இவ்வாறு ஆராய்ச்சி செழித்திருந்தவேளை 1837ஆம் ஆண்டு வந்தது. அதுவரை இங்கிலாந்தின் அரசரே ஹனோவர் நாட்டுக்கும் அரசராயிருந்தார். நான்காம் வில்லியம் இறந்தபின், பெண்ணரசு செல்லாத ஹனோவர் முடி, விக்ரோறியாவுக்கன்றி அவர் சிறிய தந்தையார் ஏர்ன்ஸ்ட் ஓகஸ்டுக்குச் சென்றது. அவர் 1833ஆம் ஆண்டு அரசியலமைப்பை நீக்கினார். தாம் சத்தியஞ்செய்து ஏற்ற அமைப்பை அரசர் ஒருவரது விருப்பின்படி கைவிட மாட்டோமென ஏழு பேராசிரியர் கையொப்பமிட்டனர். கிரிம் சகோதரர் இருவரும் அவருள் இருந்தனர், வெபரும் இருந்தார். கவுஸ் கையொப்பமிட்டாரல்லர், அவர்தம் மருகர் எவால்ட் இட்டார். இதுபற்றிக் கவுஸைக் குறைகூற யாம் முன்வரோம். எழுவரின் துணிவு மட்டும் எம் வணக்கத்துக்குரியது. அவ்வாண்டு டிசெம்பரில் எழுவரும் பதவி நீக்கப்பட்டனர். முப்பத்து மூன்று வயதில் ஆய்வுகூடத்தை இழந்த வெபர், 1843இல் லைப்சிக் நகரிற் பதவி பெறும்வரை பேராசிரியப் பதவியின்றியே இருந்தார். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னரே, 1849இல், கோற்றிங்கனுக்கு மீண்டார்.

அவர்தம் தலைசிறந்த பணி அதன்பின் நிகழ்ந்தது. அதுவும் ஓர் அலகு மாற்றமே. மின்னேற்றத்தை, ஓய்விலிருக்கும் ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் விசைகொண்டு அளக்கலாம். ஓடும்போது காந்தவூசியைத் திருப்பும் விசைகொண்டும் அளக்கலாம். இவ்விரண்டு அலகுகளின் விகிதம் வெறும் எண்ணன்று, ஒரு வேகம். 1856இல் வெபரும் கோல்ராவுஷும் லேடன் சாடியொன்றின் ஏற்றத்தை முதலில் ஒருவகையாலும், பின் அதனைக் கல்வனோமானியூடாக இறக்கி மறுவகையாலும் அளந்தனர். விகிதம் செக்கனுக்கு ஏறத்தாழ 3,10,740 கிலோமீற்றர். ஒளியின் வேகத்துக்கு இது மிக அண்மையது. ஆயின் வெபர் தம் கொள்கையிற் கையாண்ட மாறிலி இதனை இரண்டின் வர்க்கமூலத்தாற் பெருக்கியது. ஆதலால் அங்கே 4,39,450 என்னும் எண்ணே நின்றது. ஒளியோடுள்ள தொடர்பை அவர் வற்புறுத்தவில்லை. சில ஆண்டுகளின் பின் மக்ஸ்வெல் அவ்வளவீட்டை எடுத்து, ஒளியும் மின்காந்த அலையே என்ற முடிபை நாட்டினார். விசைக்கோடுகளைப் போற்றிய மக்ஸ்வெல்லும், தூரத்தே நின்று தாக்கும் விசையையே நம்பிய வெபரும் கொள்கையில் இருவேறு துருவத்தினர். இருவர் பெயரும் ஒரே கணியத்தின் அலகுகளாய் அமைந்தது விந்தையே.

வெபர் என்ற பெயரை முன்னர்ச் சிலர் மின்னோட்ட அலகுக்கு வழங்கினர். 1881ஆம் ஆண்டுப் பாரிஸ் மாநாடு ஓட்டத்துக்கு அம்பியர் என்று பெயரிட்டது. 1900ஆம் ஆண்டு மாநாடு பாய அலகுக்கு மக்ஸ்வெல்லின் பெயரைச் சூட்டியது. 1935இலேயே சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு பெரிய அலகுக்கு வெபர் என்னும் பெயரை விதந்துரைத்தது.

ஒரு கவுஸ் புலம் ஒரு சதுர சென்ரிமீற்றரூடு செங்குத்தாய்ச் செல்லும் பாயமே ஒரு மக்ஸ்வெல். கோடு என்றதும் அதனையே. ஒரு சுற்றுக் கம்பியிற் சீராய் ஒரு செக்கனில் மறைந்து ஒரு வோல்ற்றைத் தூண்டும் பாயம் ஒரு வெபர். ஒரு வோல்ற்று பழைய மின்காந்த அலகில் 10,00,00,000 ஆதலின், அவ்வெண்ணே பாயத்துக்கும் வந்தது. எனவே மெகாகோடு 0.01 வெபர்; கிலோகோடு 0.00001 வெபர். சதுர அங்குலத்துக்கு 60 கிலோகோடு என ஆங்கிலப் பொறியியலாளர் எழுதியிருந்தால், 60,000ஐ 6.4516ஆற் பிரித்து 9,300 கவுஸ், அஃதாவது 0.93 ரெஸ்லா, எனக் கொள்க. பலரும் வழுக்கும் இடமொன்றுண்டு: ஓரலகு முனைவிலிருந்து வெளிப்படும் பாயம் ஒரு மக்ஸ்வெல் அன்று, 4π, அஃதாவது 12.566 மக்ஸ்வெல்.

மணஞ்செய்யாது வாழ்ந்த வெபர் 1891ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் கோற்றிங்கனிலேயே தமது எண்பத்தாறாம் வயதிற் காலமானார். எட்டாண்டு கழித்து அந்நகரத்தார் அவருக்கும் கவுஸுக்குமாக ஒரே சிலை எடுத்தனர். அதிலே கவுஸ் அமர்ந்திருக்க, வெபர் அருகே நிற்கின்றார்.