மாண்டிசோரி அம்மையார்



ஆகஸ்டு மாதத்தில் சலேத் மாதா திருநாளுக்கென்று கோடைக்கானல் மலையேறிப் போகிறவர்கள் நம் பங்கில் அநேகர் உண்டு. பெரியகுளத்தில் நின்று வடக்கே பார்த்தால் சுவர்போல் எழும்பி நிற்கும் அந்த மலை நமக்கு அந்நியமல்ல. மோட்டார் ரோடு ஏற்படுமுன், பெரியகுளத்துக்கு அருகிலிருந்தே வெள்ளகெவி வழியாகக் கால்நடையாகவும் டோலியிலும் ஜனங்கள் மேலே போனார்கள். அந்த மலையின்மேல், இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1942 முதல் 1944 வரை ஓர் இத்தாலிய அம்மாள் வாசம் செய்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நமது வேதத்தைச் சேர்ந்தவர், வைத்தியர். உலகமெங்கும் குழந்தைகளைப் பராமரிக்கும் முறையையே மாற்றியவர். மரியா மாண்டிசோரி அம்மையார் என்ற பேரை நகரத்துப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் படித்திருப்பீர்கள். கட்டணம் அதிகமுள்ள பள்ளிகளில் அந்தப் பெயர் தொங்குவதால், அவர் பணக்காரப் பிள்ளைகளுக்காகவே உழைத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மை அதற்கு நேர் விரோதம்.

இத்தாலியா தேசத்தில் கியராவாலே என்னும் சிற்றூரில் 1870ஆம் வருடம் ஆகஸ்டு 31ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். பெண் வைத்தியம் படிப்பது அக்காலத்தில் கேள்விப்படாத காரியம். தகப்பனாருக்கும் அது பிடிக்கவில்லை. தாயாரின் ஆதரவு இருந்தது. 1896ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று வெளிவந்தார். இத்தாலியாவின் முதல் பெண் வைத்தியர்களில் அவர் ஒருவர்.

மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கையில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பைத்தியக்காரரோடு சேர்த்து அடைத்துவைத்திருப்பதைக் கண்டார். அவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டுமல்ல, கையும் கண்ணும் செய்ய ஒரு வேலை என்று அவருக்குத் தோன்றிற்று. 1900ல் அத்தகைய பிள்ளைகளுக்கான பள்ளியொன்றை நடத்தினார். அவர்களிற் சிலர் மற்றப் பிள்ளைகளோடு சர்க்கார் பரீட்சை எழுதித் தேறினார்கள். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். அவரோ, இவர்களே தேறும்போது நல்ல ஆரோக்கியமுள்ள பிள்ளைகள் ஏன் இவ்வளவு பின்தங்கி நிற்கிறார்கள் என்று யோசித்தார்.

1907ஆம் வருடம், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வட்டாரத்தில் முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. காரணத்தைக் கேளுங்கள். கூலிக்காரர் குடியிருக்கும் பெரிய கட்டடம். விடியுமுன் தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் படிக்கட்டில் உருண்டு, சுவரைக் கீறி, அழுக்கோடு திரிவார்கள். சுவரைக் காப்பாற்ற வேண்டுமென்று கட்டடக்காரர் எண்ணினார்கள். ஓர் அறையைக் கொடுத்து அம்மையாரை அழைத்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

இது எங்கோ நடந்த கதை போலவா இருக்கிறது? விடியற்காலையில் கம்பம் மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிப்போகும் தாய்மார்களை நினைத்துப்பாருங்கள். பிள்ளை அப்பத்தாவிடமோ, பக்கத்து வீட்டிலோ, அங்கன்வாடியிலோ இருக்கும். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகும் வீடுகளிலும் அதே நிலைமைதான்.

அந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்ள அவருக்குக் கிடைத்தவர் படித்த உபாத்தியாயினி அல்ல. சாதாரண உழைப்பாளிப் பெண். அம்மையார் இதைக் குறையாக நினைக்கவில்லை. அதட்டுவதும் அடிப்பதும் பழகிப்போன உபாத்தியாயர்களைக் காட்டிலும், சொன்னதைச் சொன்னபடி செய்யக்கூடிய பெண் மேல் என்று கண்டு, அவருக்குத் தாமே பயிற்சி கொடுத்தார். பயிற்சியில் முதலில் வந்தது எழுத்தல்ல. கை, நகம், தலை, உடுப்பு சுத்தமாயிருக்க வேண்டும், குரலை உயர்த்தக்கூடாது, பிள்ளை செய்வதைப் பொறுமையாய்க் கவனிக்க வேண்டும், பிள்ளை தானே செய்யக்கூடியதைப் பிடுங்கிச் செய்துவிடக்கூடாது. வைத்தியர் அல்லவா! பிள்ளைகளை வாரந்தோறும் நிறுத்து, மாதந்தோறும் உயரம் அளந்து ஏட்டில் பதியச் சொன்னார். இக்காலத்தில் நம் அங்கன்வாடிகளில் எடை பார்த்து அட்டையில் கோடு போடுகிறார்களே, அந்தக் கோட்டைத் தாய்மார் எத்தனை பேர் கேட்டுப் பார்க்கிறீர்கள்?

பெற்றோருக்கும் சட்டம் உண்டு. கட்டணம் கிடையாது, ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடுப்போடு அனுப்ப வேண்டும், வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து நடத்துகிறவரோடு பேச வேண்டும். தாய் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எந்த இடத்தையும் எடைபோட இதைவிட நல்ல படிக்கல் எனக்குத் தெரியவில்லை. தாயை வாசலிலேயே நிறுத்தும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

மூக்குச் சிந்தும் பாடத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஒருநாள் அம்மையார் கைக்குட்டையை எடுத்து, சத்தமில்லாமல், மற்றவர் அருவருக்காதபடி மூக்கைச் சிந்துவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்றுதான் எண்ணினார். பிள்ளைகளோ கூர்ந்து கவனித்துவிட்டு, நாடகக் கொட்டகையில் தட்டுவதுபோல் கை தட்டினார்கள். அவர் யோசித்துப் பார்த்தார். மூக்கு ஒழுகுகிறதென்று அந்தப் பிள்ளைகளை எல்லாரும் ஏசியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பதென்று ஒருவரும் காட்டிக்கொடுத்ததில்லை. குழந்தைக்கும் மானம் உண்டென்று அன்று கண்டுகொண்டார். கை கழுவுவதை நாம் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை கட்டளையிட்டிருக்கிறோம், எத்தனை தடவை நின்று செய்து காட்டியிருக்கிறோம் என்பதை வீட்டில் கணக்குப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குக் கண்ணாடித் தம்ளரும் பீங்கான் தட்டும் கொடுத்ததற்காகச் சிலர் பரிகசித்தார்கள். உடைந்தால் சத்தம் கேட்கும், அதனால் கை நிதானம் கற்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் தகுந்த சாமானைத் தாழ்ந்த அலமாரியில் பிள்ளையின் கைக்கு எட்ட வைத்தவர், ஆபத்தானதை எட்டாமல் வைக்கவும் அறிந்தவர். நம் பள்ளத்தாக்கில் கொடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியும், தரையோடு எரியும் அடுப்பும் அப்படியே. 2004ஆம் வருடம் ஜூலை 16ந் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்திலிருந்து ஓலைக்கூரையில் பிடித்த நெருப்பு 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. சேசுநாதர் மடியில் அவர்கள் இளைப்பாறுவார்களாக.

1908 டிசம்பரில் மெசினா நகரைப் பூமியதிர்ச்சி அழித்தது. அனாதையான சிறுவர்களில் அறுபது பேர் அளவில் ரோமாபுரியிலுள்ள மரியாயின் பிரான்சிஸ்கு மிஷனரிக் கன்னியர் மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பேச்சில்லை, சாப்பாடில்லை, இரவில் அலறல். கன்னியர்கள் அம்மையாரின் முறையைக் கைக்கொண்டார்கள். மேசை விரிப்பது, சூப்புப் பாத்திரம் தூக்கிப் பரிமாறுவது முதலான வேலைகளை நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளே செய்தார்கள். கொஞ்சங் கொஞ்சமாய் அவர்கள் முகத்தில் சிரிப்பு திரும்பிற்று. இந்தக் கன்னியர் சபை நம் தமிழ்நாட்டு உதகமண்டலத்திலிருந்து 1877ல் தொடங்கிய சபை என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

1909ல் முதற் பயிற்சி வகுப்பும் முதற் புத்தகமும் வந்தன. பிறகு புகழ், பிரயாணம், அமெரிக்கா, அவற்றை விட்டுவிடுகிறேன். ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவில் செய்தது நம்முடைய சங்கதி. அங்கே சிறுவர்கள் தாங்களே கோதுமை விதைத்து, திராட்சைக் கொடி வளர்த்து, திவ்விய பூசைக்குரிய அப்பமும் இரசமும் எதிலிருந்து வருகின்றன என்று கையால் அறிந்தார்கள். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடியைத் தேடிப்போக வேண்டியதில்லை. ஞானோபதேச வகுப்புக்கு இது நல்ல யோசனை.

இனி ஒன்று சொல்ல வேண்டும். மறைத்து எழுதலாம், ஆனால் உண்மையில்லாத சரித்திரம் யாருக்கும் பிரயோசனப்படாது. 1898ல், விவாகம் இல்லாமல், அம்மையாருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் உடன் வேலை பார்த்த வைத்தியர். அவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். வெளியே தெரிந்தால் வேலையும் மானமும் போகும். குழந்தை மாரியோ கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தான். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். ஊரார் பிள்ளைகளையெல்லாம் நிறுத்து அளந்து பதிவு செய்தவர், தம் பிள்ளையைக் கூட வைத்து வளர்க்கவில்லை. தம் தாயார் இறந்தபின், 1913ஐ ஒட்டி, பதினைந்து வயதான மகனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அப்போதும் உலகத்துக்கு உறவுக்காரப் பையன் என்றே சொன்னார். பாவத்தைப் பாவமென்றே திருச்சபை சொல்கிறது. அந்தத் தாயின் துக்கத்தை அளக்க நம்மிடம் கோல் இல்லை.

முசோலினியோடு ஒத்துப்போகாமல் 1934ல் சொந்த தேசத்தை விட்டார். 1936ல் ஸ்பெயின் உள்நாட்டு யுத்தம் அங்கிருந்தும் துரத்திற்று. 1939ல், 69ஆம் வயதில், அடையாறு பிரம்மஞான சபையார் அழைத்ததன் பேரில் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அந்தச் சபையில் கத்தோலிக்கர் சேரலாகாதென்று திருச்சபை 1919லேயே சொல்லியிருக்க, அங்கே தங்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அவரை அழைத்தவர்கள் அவர்கள், நாமல்ல. ஓலைக்கொட்டகைகளில் முந்நூறு பேர் அளவில் பயிற்சிக்குக் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேச, மாரியோ இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலியா யுத்தத்தில் இறங்கவே, ஆங்கில சர்க்காருக்கு இருவரும் சத்துரு தேசத்தாரானார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறை விட்டுப் போகத் தடை. அவ்வருடம் ஆகஸ்டு 31, எழுபதாவது பிறந்தநாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் வெகுமதியாக அவர் மகனைத் திருப்பி அனுப்புவதாகச் செய்தி. மகன் என்ற சொல் அதில் வெளிப்படையாக இருந்தது. நாற்பத்திரண்டு வருடம் மறைந்திருந்ததை ஒரு சர்க்கார் தந்தி வெளியே சொல்லிவிட்டது.

பிறகுதான் கோடைக்கானல். சென்னை வெயிலுக்குப் பதில் மலைக்குளிர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்னும் ஆசிரியையின் துணையோடு, பல தேசத்துச் சிறுவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். கைக்குழந்தைகளையும் கூர்ந்து கவனித்தார். இடுப்பில் பிள்ளையைச் சுமந்தபடியே சந்தைக்கும் வேலைக்கும் போகும் தாயால் குழந்தைக்கு வரும் நன்மையைப் பின்னால் எழுதினார். அகமதாபாத்தில் அவர் செய்த பிரசங்கங்கள் 1949ல் அடையாறிலேயே அச்சேறின. பிறந்த முதல் மூன்று வருடங்கள் பிள்ளையின் ஜீவியத்துக்கு எவ்வளவு முக்கியமென்று அதில் விவரிக்கிறார். 1951ல் நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் காற்றும் வெளிச்சமுமுள்ள சுத்தமான பிள்ளைக்காப்பகம் வேண்டும், அதைப் பயிற்சி பெற்ற ஸ்திரீ நடத்த வேண்டும் என்று விதித்தது. சட்டப்புத்தகத்தில் இருந்தது மலைமேல் எத்தனை தோட்டங்களில் இருந்தது என்பதை, அங்கே உழைத்த நம் பாட்டிமார்களைக் கேட்டறியுங்கள்.

1952ஆம் வருடம் மே மாதம் 6ந் தேதி, ஹாலந்து தேசத்துக் கடற்கரை ஊரான நூர்ட்வைக்கில் அம்மையார் மரித்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் எழுதிவைத்த மரண சாசனத்தில் மாரியோவைத் தம் மகன் என்று குறிப்பிட்டிருந்தார். மாரியோ தாயாரின் வேலையை 1982ல் தாம் இறக்கும் வரையில் நடத்திவந்தார்.