நோயாளியை முன்னிறுத்திய பெருமாட்டி

தமிழகம் தந்த பெண்மணிகளுள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெயரை அறியாதார் இலர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடியதையும் அவ்வை இல்லம் கண்டதையும் மாணவர் பலர் பாடநூல்களில் பயின்றிருப்பர். அவர்தம் முதுமைக் காலத்தை நிறைத்து நின்ற பணியோ அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. அச்சன்புதூரும் சுற்றூர்களும் நன்கறிந்த ஒரு துயரோடு அப்பணி தொடர்புடையது. ஆதலின் அதனை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்த அம்மையார், ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம்பெற்ற முதல் பெண் ஆவார். அதற்கெழுந்த எதிர்ப்பு சிறிதன்று. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1923இல் அவர்தம் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். மருத்துவம் கற்றவர் வீட்டிலேயே இது நிகழ்ந்தது. நோயின் பெயரும் போக்கும் அறிந்திருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாத நிலை எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்தில் அறுவையும் ரேடியமும் அன்றி இந்நோய்க்கு வேறு வழி இல்லை. அவையும் நோய் முற்றுமுன் வந்தார்க்கே பயன்பட்டன. இந்நோயாளிகட்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் எண்ணம் அம்மையார் உள்ளத்தில் வேரூன்றியது இத்துயரிலிருந்துதான்.

இடையே பொதுவாழ்வு அவரை ஈர்த்துக்கொண்டது. சென்னைச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினராகவும் துணைத்தலைவராகவும் விளங்கிய அந்நாள்களில், முஸ்லிம் மாணவியர்க்குத் தனி விடுதி அமைவதிலும் அவர் ஆர்வம் காட்டினார் என்பதை நம் கல்லூரி மாணவியர் அறிந்திருத்தல் நன்று. 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை பற்றிய தம் கருத்தை வெளியிட்டார். கருத்து கட்டடமாக மாற 19 ஆண்டுகள் பிடித்தன. குணமாகாத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே அன்று அதிகாரத்தில் இருந்தோர் பலரின் எண்ணம். இறக்கப் போகிறவர்க்குச் செலவிடுவானேன் என்னும் கணக்கு அதனுள் மறைந்திருந்தது. அம்மையார் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக 1949இல் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கிப் பொதுமக்களிடம் கையேந்தினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பெற்றது. அம்மையார்க்கு அப்போது வயது 67. மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955இல் இளம் மருத்துவராகிய டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

அங்கு வந்த ஏழைகளுள் வாய்ப்புற்று உடையோர் மிகுதி. வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைக்கும் பழக்கம் அதற்கு ஒரு பெருங்காரணம். பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் நிறைந்த நம் பகுதியிலும் இப்பழக்கம் புதிதன்று. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணைப் பல திங்கள் மறைத்து வைத்து, உண்ண இயலாத நிலையில்தான் வருவர். கதிர்வீச்சு மட்டும் போதுமா, மருந்தும் உடன் தந்தால் புண் ஆறுவது மிகுமா என்று அம்மருத்துவர் இருவரும் ஆராய்ந்து, 1970களில் முடிவுகளை வெளியிட்டனர்.

இத்தகைய சிகிச்சை ஆய்வு நோயாளியைப் பண்டமாக்குவதன்று. இருவகைச் சிகிச்சையை ஒப்பிட வேண்டுமாயின், சிகிச்சை பெற்றவர் ஐந்தாண்டின் பின்னர் எவ்வாறு உள்ளார் என்று தெரிதல் வேண்டும். வலி தணிந்ததும் ஊர் திரும்பி மீண்டும் வாராதவரைக் கணக்கில் கொள்வது எங்ஙனம்? ஆகவே உணவு, தங்குமிடம், வழிச்செலவு ஆகியவற்றைப் பற்றிய கவலையும் ஆய்வின் பகுதியே ஆகும். கதிர்வீச்சு ஒரு நாளில் முடிவதன்று. வாரக்கணக்கில் நாள்தோறும் பெறவேண்டுவது. அத்தனை நாளும் கூலியிழந்து உடனிருக்கும் உறவினர்க்கும் சோறு வேண்டும். மருத்துவத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து.

அம்மையார் 1968 சூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் தொடங்கிய இல்லம் ஆய்வை நிறுத்தவில்லை. 1980களில் மும்பை, தில்லி மருத்துவமனைகளோடும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடும் இணைந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே முறையில் மருந்தளிக்கும் திட்டத்தை மேற்கொண்டது. ஐவருள் ஒருவர் பிழைப்பதே அரிதாயிருந்த நிலை மாறி, பத்துக் குழந்தைகளுள் நால்வர் முதல் அறுவர் வரை நான்காண்டு கடந்தும் நோயின்றி வாழ்ந்தனர். மாத்திரையைத் தவறாது தருவதையும் காய்ச்சல் கண்டால் உடனே திரும்பி வருவதையும் தாய்மார்க்கு எடுத்துரைப்பது அங்கு மருந்துக்கு நிகரான வேலையாயிற்று.

டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அவ்வளாகத்திலேயே வாழ்ந்தார். செங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் புறப்படும் இரவு வண்டியில் கைப்பையோடும் பரிசோதனைத் தாள்களோடும் அடையாறு நோக்கிச் செல்வோரை நம்மூரார் அறிவர்.