திமோதி லியரி

திமோதி பிரான்சிஸ் லியரி (அக்டோபர் 22, 1920 - மே 31, 1996) ஓர் அமெரிக்க உளவியலாளர் ஆவார். சைலோசைபின், எல்.எஸ்.டி. முதலிய, உளநிலையை மாற்றும் வேதிப்பொருள்களை ஆராய்ந்த இவர், பின்னர் அவற்றின் பயன்பாட்டைப் பொதுமக்களிடையே பரப்பியதன் மூலம் பெரிதும் அறியப்பட்டார்.

இளமையும் கல்வியும்

லியரி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். 1950இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் முறையைக் கொண்டு ஆளுமையை அளவிடுவது குறித்த இவரது நூல் 1957இல் வெளிவந்தது. 1959இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார்.

ஆய்வுகள்

1960இல் மெக்சிகோவில் சைலோசைபின் அடங்கிய காளான்களை உண்ட அனுபவம் இவரது ஆய்வின் திசையை மாற்றியது. ரிச்சர்ட் ஆல்பர்ட் முதலியோருடன் இணைந்து, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் தயாரித்த சைலோசைபினைக் கொண்டு ஆர்வர்டில் ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மருந்தின் விளைவு அதன் அளவை மட்டுமன்றி, உட்கொள்பவரின் மனநிலையையும் சூழலையும் பொறுத்தது என்பது இவர் வலியுறுத்திய கருத்தாகும்.

1961இல் தொடங்கிய கன்கார்டு சிறை ஆய்வில் கைதிகளுக்கு சைலோசைபினுடன் உளவியல் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. விடுதலையானோர் மீண்டும் சிறை செல்வது வெகுவாகக் குறைந்ததாக லியரி அறிவித்தார். 1998இல் ரிக் டோப்ளின் வெளியிட்ட மறு ஆய்வு இம்முடிவை ஏற்கவில்லை. ஆய்வுக் குழுவினர் விடுதலையாகிச் சராசரியாக 10 மாதங்களே ஆகியிருந்த நிலையில், பிற கைதிகளின் 30 மாதக் கணக்கோடு அவர்கள் ஒப்பிடப்பட்டிருந்தனர். கால அளவு சமமாக்கப்பட்டபோது வேறுபாடு மறைந்தது.

ஆய்வாளர்கள் தாமும் மருந்தை உட்கொண்டு பங்கேற்றதும், கட்டுப்பாட்டு முறைகள் தளர்ந்ததும் சக பேராசிரியர்களின் கண்டனத்துக்கு உள்ளாயின. வகுப்புகளை நடத்தத் தவறினார் என்ற காரணம் கூறி 1963இல் பல்கலைக்கழகம் லியரியைப் பணிநீக்கம் செய்தது. இளநிலை மாணவர் ஒருவருக்கு மருந்து அளித்ததற்காக ஆல்பர்ட்டும் நீக்கப்பட்டார். ஆல்பர்ட் பின்னர் இந்தியா சென்று, ராம் தாஸ் என்னும் பெயரில் ஆன்மிக ஆசிரியரானார்.

வழக்குகளும் சிறையும்

கஞ்சா வைத்திருந்ததாக 1965இல் கைதான லியரி தொடுத்த மேல்முறையீட்டில், 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மற்றொரு வழக்கில் சிறை சென்ற இவர், 1970இல் தப்பி அல்ஜீரியாவுக்கும் பின்னர் சுவிட்சர்லாந்துக்கும் சென்றார். 1973இல் காபூலில் பிடிபட்டு, 1976இல் விடுதலையானார்.

மதிப்பீடு

1970ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இப்பொருள்களை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்த்தது. அதன்பின் மனிதர்கள் மீதான ஆய்வுகள் பல ஆண்டுகள் ஏறக்குறைய நின்றுபோயின. தடைக்கு இவர் ஒருவரே காரணமல்லர் எனினும், இவரது பரப்புரை அதற்கு வலுவூட்டியதாகப் பலர் கருதுகின்றனர். 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட சைலோசைபின் ஆய்வு இத்துறைக்குப் புத்துயிர் அளித்தது. லியரி கைவிட்ட கட்டுப்பாட்டு முறைகளைக் கடைப்பிடித்த அவ்வாய்வு, அவர் வலியுறுத்திய மனநிலைக்கும் சூழலுக்கும் உரிய இடம் அளித்தது.

மறைவு

லியரி 1996இல் புரோஸ்டேட் புற்றுநோயால் காலமானார். அவரது சாம்பலின் ஒரு பகுதி 1997இல் ஏவூர்தி மூலம் விண்வெளிக்கு அனுப்பப்பட்டது.