மணியோசைப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்

டிசம்பர் பிறந்தால் மால்களிலும் பள்ளி விழாக்களிலும் ஒரு மெட்டு காதில் விழும். நான்கு சுரம் கொண்ட சின்னத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டே இருக்கும். 'ஹோம் அலோன்' படம் பார்த்த நம் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' என்று பெயர். ஆனால் அது முதலில் கிறிஸ்துமஸ் பாட்டே அல்ல. உக்ரைன் கிராமத்துப் புத்தாண்டுப் பாட்டு. ஒரு குருவி வீட்டுக்குள் பறந்து வந்து, இந்த வருஷம் உங்களுக்குச் செழிப்புதான் என்று வீட்டுக்காரருக்குச் சொல்வதாக வரும். பெயர் 'ஷெட்ரிக்'. அதைக் கூட்டுப்பாடலாக அமைத்தவர் மிகோலா லியோந்தோவிச். உலகத்தின் காதில் போட்டவர் ஒலெக்சாந்தர் கோஷெட்ஸ்.

கோஷெட்ஸ் ஒரு கண்டக்டர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் விசிலும் டிக்கெட்டும்தான் நினைவுக்கு வரும்; இவர் இசைக்குழுவை நடத்தியவர். 1875இல் கீவ் பகுதியில் ஒரு பாதிரியார் குடும்பத்தில் பிறந்தார். படித்தது இறையியல். மனம் போனது பாட்டின் பக்கம். குபான் பகுதியில் ஊர் ஊராகச் சுற்றி நாட்டுப்பாடல்களைச் சேகரித்தார். கீவில் நாடக அரங்கிலும் ஓபராவிலும் வேலை பார்த்தார். பல்கலைக்கழக மாணவர் குழுவையும் நடத்தினார். 1916 டிசம்பரில் 'ஷெட்ரிக்' முதன்முதலில் மேடையேறியது அந்த மாணவர் குழுவின் குரலில்தான்.

1918இல் உக்ரைன் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. மறு வருஷமே நாலா பக்கமும் போர். அந்த நெருக்கடியில் படைத்தலைவர் சைமன் பெட்லியூரா எடுத்த முடிவு விசித்திரமானது: ஒரு பாடகர் குழுவை வெளிநாட்டுக்கு அனுப்புவது! பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு வரும் வல்லரசுகள், இப்படி ஓர் இனம் இருக்கிறது என்று பாட்டைக் கேட்டாவது தெரிந்துகொள்ளட்டும் என்ற நம்பிக்கை. பொறுப்பு கோஷெட்ஸிடம் வந்தது. 1919 பிப்ரவரியில் போல்ஷெவிக் படை கீவுக்குள் நுழையும் நேரத்தில் குழு ஊரைவிட்டுக் கிளம்பியது. அப்போது அவருக்கு 43 வயது.

மே மாதம் பிராகில் முதல் கச்சேரி. பெரும் வெற்றி. பிறகு வியன்னா, சுவிட்சர்லாந்து என்று பயணம். ஆனால் பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாகி மாதங்கள் ஓடிவிட்டன. கைதட்டலுக்குக் குறைவில்லை, அங்கீகாரம்தான் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே, அனுப்பி வைத்த அரசு வீழ்ந்தது. 1921 ஜனவரியில் லியோந்தோவிச்சை அவருடைய தந்தையின் வீட்டிலேயே சோவியத் உளவாளி ஒருவன் சுட்டுக் கொன்றான்.

திரும்பிப் போக நாடில்லாத குழு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1922 அக்டோபர் 5 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் 'ஷெட்ரிக்' ஒலித்தது. அதே டிசம்பரில் சோவியத் ஒன்றியம் உருவானது. உக்ரைன் அதில் ஒரு குடியரசாகச் சேர்க்கப்பட்டது. மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா என்று இன்னும் கொஞ்ச காலம் பாடிவிட்டு, 1924இல் குழு கலைந்தது.

கோஷெட்ஸ் அமெரிக்காவில் தங்கி, குடியேறிய உக்ரைனியர்களின் பாடகர் குழுக்களைப் பயிற்றுவித்தார். 1936இல் பீட்டர் வில்ஹௌஸ்கி என்பவர் 'ஷெட்ரிக்' மெட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதினார். குருவி போய் மணிகள் வந்தன. நாம் மால்களில் கேட்பது அதைத்தான்.

கடைசி வருஷங்களில் கோஷெட்ஸ் கோடைதோறும் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் போய், அங்கிருந்த உக்ரைனிய இளைஞர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். 1944 செப்டம்பரில் அங்கேயே இறந்தார், அடக்கமும் அங்கேதான். கீவை விட்டுக் கிளம்பி 25 வருஷம் ஆகியிருந்தது. இடையில் ஒருமுறைகூட அவர் ஊர் திரும்பவில்லை.