காத்திருப்பவரை நினைத்த கைவினைஞர்: ஜி.டி.நாயுடு

பள்ளிவாசலில் மின்விசிறிக்குரிய சுவிட்ச் எதுவென்று தெரியாமல் நான்கைந்தை மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்காதவர் நம் சேலம், நாமக்கல் பகுதியில் இருக்க மாட்டார். கைப்பேசியில் தொழுகை நேரம் காட்டும் செயலியைத் திறந்தால் நேரத்திற்கு முன்பாக விளம்பரம் வந்து நிற்கிறது. செய்தவர் தம் வசதியைப் பார்த்தார். பயன்படுத்துகிறவர் அவர் நினைவில் வரவே இல்லை.

எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானைக் கடைப்பிடிக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அதோடு சேர்த்து அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்ளவும் சொன்னார்கள். குர்பானி நாட்களில் மட்டுமே அதிகம் நினைவுகூரப்படும் ஹதீஸ் இது. கத்தி மழுங்கினால் வேதனை அதைப் பிடித்தவருக்கு இல்லை. கீழே கிடக்கும் உயிருக்குத்தான். பட்டறையும் தொழிற்கூடமும் நிறைந்த நம் ஊர்களில் இந்த ஹதீஸ் ஆண்டு முழுவதும் பேசப்பட வேண்டியது. அந்தப் பேச்சுக்கு, நமக்கு மேற்கே கோவையில் வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரின் வாழ்க்கை உதவும். அவர் முஸ்லிம் அல்லர். நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்வது நம் மார்க்கத்துக்குப் புதிதும் அல்ல.

ஜி.டி.நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க நிலையைத் தாண்டவில்லை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர், அதை வாங்கியே தீர வேண்டும் என்று கோவைக்குப் போய் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். முந்நூறு ரூபாய் சேர்ந்ததும் வண்டி கைக்கு வந்தது. ஓட்டி மகிழ்வதை விட்டு அக்கக்காகப் பிரித்துப் போட்டார். பிறகு பழையபடி பூட்டினார். அவருடைய கல்லூரி அதுதான்.

1920இல் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. லாரித் தொழிலில் பிழைக்கும் நாமக்கல், சங்ககிரிக் குடும்பங்கள் நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. பஸ் வாங்கியவர்கள் அந்தக் காலத்திலும் பலர் உண்டு. காத்திருக்கும் பயணியின் பக்கம் நின்று யோசித்தவர் இவர். அடுத்த வண்டி எப்போது வரும் என்று காட்டும் கருவியை நிலையத்தில் வைத்தார். டிக்கெட் தருவதற்கும் கருவி செய்தார். பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு அந்தத் தகவல் எவ்வளவு பெரிய ஆறுதல்! இன்றும் பல ஊர்ப் பேருந்து நிலையங்களில் அதைப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது.

1206இல் தம் இயந்திர நூலை எழுதி முடித்த அல்-ஜஸரி, உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றும் கருவியை வடிவமைத்தவர். அந்த மேதை செய்தது மன்னருக்காக. நாயுடு செய்தது பெரும்பாலும் கையில் காசு குறைந்தவர்களுக்காக. பேட்டரியில் இயங்கும் சவரக் கத்தி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் பட்டியல் நீளும். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். மின்சாரம் எட்டாத வீட்டுக்கு மண்ணெண்ணெய் விசிறி என்று யோசிக்க, அந்த வீட்டின் புழுக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

1937இல் டி.பாலசுந்தரத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கியதே இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்பார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளை மோட்டார் எப்படி மாற்றியது என்பதை நம் சமவெளி விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் ஏறுவதும் மோட்டாரால்தான்.

எல்லாம் கைகூடவில்லை. 1952இல் 2,000 ரூபாயில் இருவர் செல்லும் கார் ஒன்றை வெளியிட்டார். அரசு உரிமம் தராததால் உற்பத்தி நின்றது. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியிருக்கக் கூடிய ஒரு பொருள் காகிதத்தில் தோற்றதை என்னவென்று சொல்வது!

1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் காரணமாக இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே ஆண்டு போதும் என்று வாதிட்டார். அரசு ஏற்காததால் முதல்வர் பொறுப்பை விட்டு விலகினார். இதில் அவரோடு நமக்கு உடன்பாடு இல்லை. மத்ரஸாவில் ஆண்டுக்கணக்கில் ஓதியவர்களுக்குத் தெரியும், சில பாடங்கள் காலம் கேட்கும். ஆனால் கருவியைத் தொடாமலே பட்டம் வாங்கி வெளியேறும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அவருடைய கோபத்தை ஒதுக்கித் தள்ளவும் மனம் வரவில்லை.

1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார். அவர் செய்த கருவிகள் கோவை அவிநாசி சாலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போகலாம். அதே சாலையில் பீளமேட்டைத் தாண்டியதும் கண்டக்டர் குரல் கொடுக்கும் ஹோப் காலேஜ் நிறுத்தம், அவர் விட்டு விலகிய அந்தக் கல்லூரியின் பெயரால் வந்தது.