காந்தியடிகளின் கணக்கு நோட்டு

10 பவுன் கொடுத்து ஒரு சூட்டு தைத்தார். 19 ஷில்லிங் கொடுத்து ஒரு தொப்பி வாங்கினார். 3 பவுன் கொடுத்து ஒரு பிடில் வாங்கினார். நடனம் கற்றுக்கொள்ள இன்னும் 3 பவுன் கட்டினார்.

இப்படிச் செலவு செய்தவர் யார் தெரியுமா? சீமையில் பிறந்த சீமான் வீட்டுப் பிள்ளை அல்ல. இடுப்பில் நாலு முழத் துண்டோடு பிரிட்டிஷ் மன்னரின் மாளிகைக்கே போய் வந்த காந்தியடிகள்தான்!

எளிய வாழ்க்கை அவரோடு கூடப் பிறந்தது அல்ல. செலவு செய்து பார்த்தார். கணக்கு எழுதிப் பார்த்தார். அதற்குப் பிறகே சிக்கனத்தைக் கற்றுக்கொண்டார்.

அண்ணன் அனுப்பிய பணம்

காந்தியடிகள் 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். 1888-ல், 19 வயது நிரம்புவதற்கு முன்பே, பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். ஊரில் மனைவி கஸ்தூரிபாய் இருந்தார். கைக்குழந்தையும் இருந்தது. தகப்பனார் உயிரோடு இல்லை. படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பியவர் அண்ணன்.

லண்டனைப் பார்த்ததும் இளைஞர் காந்திக்கு ஓர் ஆசை பிறந்தது. வெள்ளைக்காரக் கனவானைப் போலத் தாமும் இருக்க வேண்டும் என்பதே அந்த ஆசை. உயர்ந்த உடை வாங்கினார். கடிகாரத்துக்குத் தங்கச் சங்கிலி வேண்டும் என்றார். அண்ணன் அதையும் அனுப்பி வைத்தார். கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதற்கும் கழுத்துப்பட்டை கட்டுவதற்கும் தினமும் நேரம் போயிற்று.

நடனம் வரவில்லை. தாளத்துக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. சங்கீத ஞானம் வந்தால் கால் தானாக வரும் என்று நினைத்துப் பிடில் வாங்கினார். அதுவும் வரவில்லை.

இந்த மோகம் சுமார் மூன்று மாதம் நீடித்தது. பிறகு அவர் யோசித்தார். தாம் வந்தது படிப்பதற்கு. ஆயுள் முழுவதும் லண்டனிலா இருக்கப் போகிறோம்? அப்படி இருக்க நடனம் எதற்கு? பிடில் எதற்கு? பிடிலை விற்றுவிட முடிவு செய்தார்.

ஒரு காசும் தப்பவில்லை

அந்த நாளிலும் அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. செலவு செய்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதுவார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை வாங்கிய சில்லறை, எல்லாம் நோட்டில் ஏறிவிடும். இரவு படுக்கப் போகும் முன்பு கையிருப்பை எண்ணிப் பார்ப்பார். கணக்கும் பணமும் ஒத்துப் போக வேண்டும்.

அந்த நோட்டுதான் அவருக்கு வழி காட்டியது. வண்டிக் கட்டணமாகவே நிறையப் பணம் போவது தெரிந்தது. ஒரு குடும்பத்தோடு தங்கி, வாரா வாரம் பணம் கட்டி வந்தார். அந்தக் குடும்பத்தாரை மரியாதைக்காக வெளியே அழைத்துப் போனால் அதற்கும் செலவு. செலவைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்தார்.

தனியாக அறை எடுத்தார். போக வேண்டிய இடங்களுக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகும்படியான இடமாகப் பார்த்து எடுத்தார். வண்டிச் செலவு நின்றது. தினமும் எட்டு, பத்து மைல் நடந்தார். உடம்பும் திடமாயிற்று.

அப்புறம் இரண்டு அறைகளை ஒன்றாகக் குறைத்தார். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, கோக்கோவுக்கு வெந்நீர் போட்டுக்கொள்வார். இருபது நிமிஷத்தில் சமையல் முடிந்துவிடும். மத்தியானம் மட்டும் வெளியே சாப்பாடு. இரவில் ரொட்டியும் கோக்கோவும். ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்சில் காலம் தள்ளினார்.

ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அப்படியானால், முன்பு தைத்த ஒரு சூட்டின் விலையில் 160 நாள் சாப்பிடலாம்!

பணம் மட்டும் மிச்சமாகவில்லை. நேரமும் மிச்சமாயிற்று. அந்த நேரத்தில் படித்தார். பரீட்சையில் தேறினார்.

கோர்ட்டில் சிரிப்பு

1893-ல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். பிறகு குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு டர்பன் நகரில் குடியேறினார். பாரிஸ்டர் தொழிலில் நல்ல வருமானம். ஆனாலும் வீட்டுக் கணக்கில் ஒரு செலவு அவர் கண்ணை உறுத்தியது. அது சலவைக் கூலி.

அந்தக் காலத்து உடுப்பில் சட்டை வேறு, காலர் வேறு. காலரைத் தினமும் மாற்ற வேண்டும். துணி வெளுத்து வரத் தாமதமாகும். ஆகையால் இரண்டு மூன்று டஜன் காலர் வைத்திருந்தும் போதவில்லை. ஒரு காலரை வெளுக்கும் கூலி, ஏறக்குறைய புதுக் காலரின் விலைக்குச் சமம்!

காந்தி துவைக்கும் சாமான்களையும் சலவையைப் பற்றிய ஒரு புத்தகத்தையும் வாங்கினார். தாமும் கற்றுக்கொண்டார். கஸ்தூரிபாய்க்கும் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் கஞ்சி அதிகமாகிவிட்டது. இஸ்திரிப் பெட்டியில் சூடு போதவில்லை. அந்தக் காலரை அணிந்துகொண்டு கோர்ட்டுக்குப் போனார். காலரிலிருந்து கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்தது. சக வக்கீல்கள் சிரித்தார்கள். காந்தி வெட்கப்படவில்லை. நாளடைவில் கை தேர்ந்த சலவைக்காரர் ஆகிவிட்டார்.

பிரிட்டோரியா நகரில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடிவெட்ட மறுத்தார். கறுப்பர் என்ற இளப்பம்தான் காரணம். காந்தி முடிவெட்டும் மிஷினை வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒரு மாதிரியாக வந்தது. பின்பக்கம் கெட்டுப்போயிற்று. கோர்ட்டில் மறுபடியும் சிரிப்பு!

பிறகு ஜோகன்னஸ்பர்க் நகரில் 7 பவுனுக்கு மாவரைக்கும் கை இயந்திரம் ஒன்று வாங்கினார். வீட்டில் உள்ளவர்கள் சேர்ந்து சுற்றினார்கள். கோதுமையை அரைத்து வீட்டிலேயே ரொட்டி சுட்டார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு வந்த சோதனை

இதுவரை இது ஒரு வீட்டுச் சிக்கனம். அடுத்து அது பல குடும்பங்களின் சோற்றுப் பிரச்சினை ஆயிற்று.

டிரான்ஸ்வால் ராஜ்யத்தில் இந்தியர்கள் கைரேகை கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. காந்தி சத்தியாக்கிரகம் தொடங்கினார். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். தலைக்கு மேல் கை வைத்துக் குடும்பம் காத்தவர் சிறையில் இருந்தால், அடுப்பில் உலை ஏறுவது எப்படி?

குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். போராட்டம் நீண்டது. நிதி கரைந்தது. நிதி தீர்ந்தால் குடும்பங்கள் பட்டினி கிடக்கும். போராட்டமும் படுத்துவிடும்.

அப்போது காந்தியின் நண்பர் காலன்பாக் முன்வந்தார். அவர் ஜெர்மானியர், கட்டடக் கலைஞர். 1910-ல் தமது 1,100 ஏக்கர் பண்ணையை வாடகை இல்லாமல் கொடுத்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, எல்லோரும் ஒரே குடும்பமாக அங்கே குடியேறினார்கள்.

சமையலுக்கு ஒரே அடுப்படி. சாப்பாட்டுக்கு ஒரே பந்தி. வேலைக்காரர் கிடையாது. காலையில் ரொட்டியும், கோதுமையை வறுத்துப் பொடித்த காபியும். பகலில் சோறு, பருப்பு, காய்கறி. வெண்ணெய்க்குப் பதிலாக வேர்க்கடலையை வறுத்து அரைத்துக்கொண்டார்கள். அதன் விலை வெண்ணெயில் நாலில் ஒரு பங்குதான். தோட்டத்து ஆரஞ்சுப் பழத்தில் ஜாம் செய்தார்கள். செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். பெஞ்சுகளைத் தாங்களே செய்தார்கள். பெண்கள் துணி தைத்தார்கள்.

ஓட்டைப் பானை

பண்ணையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 21 மைல். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் புறப்பட்டு, சென்னைக் கோட்டை வரை நடந்து, மறுபடி ஊர் திரும்பினால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்!

பொதுக் காரியமாகப் போகிறவர் மூன்றாம் வகுப்பு ரயிலில் போகலாம். சொந்த ஆசைக்காக நகரத்துக்குப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும். சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே வாங்கித் தின்னக் கூடாது. இது பண்ணையின் சட்டம்.

ஏன் இந்தக் கண்டிப்பு? பண்ணையில் மிச்சம் பிடித்த பணம் ரயில் டிக்கெட்டிலும் ஓட்டல் பலகாரத்திலும் போய்விட்டால் என்ன லாபம்? ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பிய கதைதான்.

மிச்சம் பிடித்த பணத்தின் பலன்

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு கொடுமையும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலித் தொழிலாளி அங்கேயே தங்கினால், ஆண்டுக்குத் தலைக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். புருஷன், மனைவி, வயது வந்த இரண்டு பிள்ளைகள் என்றால் 12 பவுன். அதாவது 240 ஷில்லிங். அந்தத் தொழிலாளியின் மாத வருமானமோ 14 ஷில்லிங்குக்கு மேல் இல்லை. ஆண்டு முழுவதும் சாப்பிடாமல் சேர்த்தாலும் 168 ஷில்லிங்தான்!

லண்டனில் ஒரு பிடிலுக்குக் கொடுத்த அதே 3 பவுன், இங்கே ஓர் ஏழைக் குடும்பத்தின் கழுத்தை நெரித்தது.

1913-ல் கடைசிப் போராட்டம் மூண்டது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்து பழகிய தமிழ்ப் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். கைக்குழந்தையோடு ஜெயிலுக்குப் போன தாய்மார்களும் உண்டு. 1914-ல் 3 பவுன் வரி ஒழிந்தது.

குடும்பத்துக்கு எது பொருந்தும்?

1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் துறந்தார். 1948 ஜனவரி 30-ந் தேதி மறையும் வரை அந்த நாலு முழத் துண்டுதான் அவர் உடை.

காந்தியடிகள் செய்தது எல்லாம் எல்லாருக்கும் ஆகாது. பம்பாயில் இருந்தபோது அவர் 10,000 ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுத்தார். பிறகு பணம் கட்டாமல் விட்டுவிட்டார். அது துறவியின் வழி. பிள்ளை குட்டி உள்ளவர்கள் அதைப் பின்பற்ற வேண்டியது இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு நோட்டு எல்லாருக்கும் ஆகும். இன்று அயனம்பாக்கத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்குக் கடைத்தெரு செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆட்டோவுக்குக் கொஞ்சம், ஓட்டலுக்குக் கொஞ்சம், தவணைக்குக் கொஞ்சம் என்று பணம் போகிறது. எங்கே போயிற்று என்று மாதக் கடைசியில் தெரிவதில்லை.

ஒரு நோட்டு வாங்குங்கள். அன்றன்று செலவை அன்றன்று இரவே எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் எது தேவை, எது பிடில் என்று நோட்டே சொல்லிவிடும்.

பிடிலை விட்டுவிடுங்கள். அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள்.